ரிமோட்டில் 18, கட்டிலில் 26, பாயில் 23

வாசகி ஒருவரின் கேள்வி (சுருக்கியிருக்கிறேன்):

"சார், சென்னை மடிப்பாக்கத்தில் வாடகை வீடு. இரண்டாவது மாடி, எங்களுக்கு மேலே மொட்டை மாடிதான். பெட்ரூமில் மட்டும் ஏசி. அறை 12-க்கு 11 அடி, ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஸ்ப்ளிட், வாங்கி மூன்று வருஷம் ஆகிறது. ஏப்ரல் பிறந்துவிட்டால் நான்கு பேரும் அந்த ஒரே அறையில்தான் படுக்கை. கட்டிலில் மேற்குச் சுவரோரம் அவர், இந்தப் பக்கம் நான், கீழே பாயில் அத்தையும் ஆறு வயது மகளும். அவர் ராத்திரி பத்து மணிக்கு பைக்கில் வந்து இறங்கியதும் 18-ல் வைப்பார். அத்தை காதில் பஞ்சு வைத்துக்கொண்டு தலையோடு போர்த்திப் படுப்பார். வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார், காலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்திருப்பார். நான் நடுராத்திரி 27 ஆக்கிவிட்டு ரிமோட்டைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவைப்பேன். அவர் வியர்த்து எழுந்து, தேடி எடுத்து, மறுபடி குறைப்பார். 27-ல் கசகசவென்று இருக்கிறதாம், 18 வைத்தால்தான் சீக்கிரம் கூலாகுமாம். அரசாங்கமே 24 என்கிறது என்று நான் சொல்கிறேன். எது சரியான டெம்பரேச்சர் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், நீங்கள் எழுதுவதை அவரும் படிப்பார். இன்னொரு சந்தேகம், இன்வெர்ட்டர் ஏசிக்கு ஸ்டெபிலைசர் வேண்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

பஞ்சாயத்துக்குக் கூப்பிட்டிருக்கிறீர்கள். இருபது வருஷத்துக்கு மேலாக ஏசி சர்வீஸில் இருப்பவன் என்கிற முறையில் சொல்கிறேன், "கூலிங் பத்தவில்லை" என்று எங்களுக்கு வரும் போன்களில் பல, மெஷின் கோளாறே கிடையாது, வீட்டுக்குள் நடக்கும் இந்தச் சண்டைதான். ஒருவர் கூலிங் இல்லை என்று கம்ப்ளெயின்ட் போடுவார், நாங்கள் போய் நின்றால் அதே வீட்டில் இன்னொருவர் "கொஞ்சம் கம்மி பண்ணி வெச்சுட்டுப் போங்க தம்பி" என்று சமையலறைப் பக்கமிருந்து சைகை காட்டுவார்.

தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போனேன். அப்போது நான் ஒரு டீலரிடம் வேலை. வீட்டுப் பெரியவருக்குக் கூலிங் பத்தவில்லை, அதே அறையில் படுக்கும் அவர் மனைவிக்குக் குளிர் தாங்கவில்லை. ஃபில்டரைக் கழுவினேன், கேஸ் பிரஷர் பார்த்தேன், கிரில்லில் வரும் காற்றை அளந்தேன், எல்லாம் சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது தடவை, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கையிலிருந்த தெர்மாமீட்டரை அந்த அம்மாவின் படுக்கையில் கால் மணி நேரம், பெரியவர் கட்டிலில் கால் மணி நேரம் வைத்துப் பார்த்தேன். மூன்று டிகிரி வித்தியாசம். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்கள், நான்தான் மெஷினையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்கிலிருந்து ஸ்பேனர் எடுத்துக்கொண்டு போகிறேனோ இல்லையோ, தெர்மாமீட்டர் இல்லாமல் போவதில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அந்த வீடுதான் நினைவுக்கு வந்தது. ரிமோட்டில் தெரியும் எண் உங்கள் அறையின் டெம்பரேச்சர் கிடையாது. இன்டோர் யூனிட் உள்ளே இழுக்கிற காற்று எத்தனை டிகிரிக்கு வந்தால் போதும் என்று மெஷினுக்கு நீங்கள் கொடுக்கும் உத்தரவு அது. அந்தக் காற்றை அளக்கும் சென்சார் இருப்பது ஏசிக்குள்ளேயே, அதாவது தரையிலிருந்து ஏழெட்டு அடி உயரத்தில். அந்த உயரத்தில் யாரும் படுப்பதில்லை. குளிர்ந்த காற்று கனமானது, விழுந்து தரையோடு தங்கும், சூடு மேலே நிற்கும். ஃபேன் ஓடாத மூடிய அறையில் சீலிங்குக்குக் கீழே ஒரு டெம்பரேச்சர், கட்டிலில் ஒன்று, தரையில் ஒன்று என்று இருக்கும். உங்கள் கணவர் 18 வைக்கிறார், மேல் மாடி வெயிலில் காய்ந்த அறை அவ்வளவு சீக்கிரம் 18-க்கு வராது, அநேகமாக விடியும் வரைக்குமே வராது. தலைப்பில் போட்டிருக்கிறேனே, அந்த மாதிரிதான் ஏதாவது இருக்கும் உங்கள் அறையில். அளந்து பார்த்தால் எண் ஒன்றிரண்டு மாறலாம், வரிசை மாறாது. அத்தைதான் அந்த அறையிலேயே குளிர்ந்த இடத்தில் படுத்திருக்கிறார்.

இப்போது உங்கள் கணவர் பக்கம் வருகிறேன், அவர் பாவம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது "மேற்குச் சுவரோரம்" என்கிற இரண்டு வார்த்தைதான். இன்றைக்கு ராத்திரி பதினோரு மணிக்கு, ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர் தலைமாட்டுப் பக்கம் அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், அப்புறம் அறையின் உள் சுவரிலும் வைத்துப் பாருங்கள். மேற்குச் சுவர் தோசைக்கல் ஆறிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். மதியம் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும் வெயில் குடித்த செங்கல் சுவர், அந்தச் சூட்டை உள்ளே தள்ளப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும், சரியாக நாம் படுக்கப் போகிற நேரம் பார்த்துத்தான் கக்கும். தலைக்கு மேலே கான்கிரீட் தளமும் அதையேதான் செய்கிறது. காற்று 25-ல் இருந்தாலும் பக்கத்தில் ஒரு சூடான சுவர் இருந்தால் உடம்பு அந்தச் சூட்டை நேராக வாங்கும், அடுப்படியில் ஃபேன் போட்டு நின்றாலும் அடுப்பு பார்த்த பக்கம் எரிகிறதில்லையா, அது மாதிரி. போதாததற்கு கீழே நுரை மெத்தை, முதுகுச் சூட்டை வெளியே விடாது. அதனால் அவர் 18 கேட்பது வீம்புக்கு இல்லை. ஆனால் 18 அதற்கு மருந்தும் இல்லை.

"18 வைத்தால் சீக்கிரம் கூலாகும்" என்பதை மட்டும் அவரிடம் கறாராகச் சொல்லிவிடுங்கள், நான் சொன்னதாகவே சொல்லுங்கள். ஆகாது. உங்களுடையது இன்வெர்ட்டர், தேவையைப் பார்த்துக் கம்ப்ரசர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வகை. அறை 33-ல் இருக்கும்போது 18 வைத்தாலும் 25 வைத்தாலும் மெஷினுக்குத் தூரம் அதிகம் என்று தெரிந்துவிடும், கம்ப்ரசர் எடுத்த எடுப்பிலேயே வேகமாகத்தான் ஓடும். 33-லிருந்து 25-க்கு வர இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான். பழைய வகை, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும், அதற்கு ஒரே வேகம்தான், ஓடும் அல்லது கட்-ஆஃப் ஆகும். வித்தியாசம் 25-ஐத் தொட்ட பிறகுதான் தெரியும். 25 வைத்திருந்தால் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்து மெதுவாக முணகிக்கொண்டிருக்கும், 18 வைத்திருந்தால் விடிய விடிய முழு மூச்சில் ஓடும். அவருக்கு வந்ததும் உடனே ஜில்லென்று வேண்டும் என்றால் அதற்கு டர்போ பட்டன் இருக்கிறது, ஃபேன் வேகம் கூடி காற்று ஆளின் மேல் வந்து அடிக்கும், பதினைந்து நிமிஷம் போட்டுக்கொள்ளட்டும். அதைவிட நல்லது, அவர் வீட்டுக்கு வருவதற்கு அரை மணி முன்னால் நீங்களே 26-ல் போட்டு வைத்துவிடுவது. பைக்கில் அந்த டிராஃபிக்கில் வந்து இறங்குகிற மனுஷன் முதல் இருபது நிமிஷத்தில் எந்த எண் கேட்டாலும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உடம்பு கொதித்துக்கொண்டு வந்திருக்கிறது. குளித்துவிட்டு வந்த பிறகு கேளுங்கள்.

சரி, 24 விஷயம். நீங்கள் சொன்னதில் பாதி சரி. எரிசக்தித் திறன் அமைப்பு, பிஇஇ என்று ஸ்டார் ஸ்டிக்கரில் பார்த்திருப்பீர்களே, அவர்கள் கொண்டுவந்த விதிப்படி 2020 ஜனவரி 1 முதல் ஸ்டார் லேபிளோடு வரும் வீட்டு ஏசிகள் கம்பெனியிலிருந்து வரும்போதே 24-ல் வைக்கப்பட்டு வர வேண்டும். அவ்வளவுதான். 24-ல்தான் ஓட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை, ரிமோட்டை அமுக்கினால் மாறும். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. 2025 ஜூனில் ஒன்றிய மின்துறை அமைச்சர் மனோகர் லால் கட்டர், புது ஏசிகளை 20-க்குக் கீழேயும் 28-க்கு மேலேயும் போகாதபடி செய்யும் யோசனையை அறிவித்தார், நிறைய வீடுகளில் அன்றைக்கு ராத்திரி அதே சண்டை இன்னும் சத்தமாக நடந்திருக்கும். ஆனால் 24 என்பது கரண்டுக்கும் சராசரி உடம்புக்கும் சேர்த்துப் போட்ட ஒரு நடுத்தர எண். உங்கள் அத்தை சராசரி இல்லை, பைக்கில் வந்து இறங்கியவரும் சராசரி இல்லை.

டென்மார்க்கில் ஃபாங்கர் என்று ஒரு பேராசிரியர் இருந்தார், ஏசி படிப்பு படித்த எல்லோருக்கும் தெரிந்த பேர். காற்றின் சூடு, சுற்றியிருக்கிற சுவர்களின் சூடு, காற்றோட்டம், ஈரப்பதம், போட்டிருக்கும் துணி, உடம்பு செய்கிற வேலை, இந்த ஆறையும் சேர்த்துத்தான் ஒருவருக்கு சுகமாக இருக்கிறதா இல்லையா என்று கணக்குப் போட முடியும் என்று 1970 வாக்கில் நிறுவிக் காட்டினார். ரிமோட்டில் இருப்பது அந்த ஆறில் ஒன்றுதான், அதையும் தப்பான உயரத்தில் அளக்கிறது. அவர் கணக்கிலேயே இன்னொன்றும் உண்டு, எவ்வளவு பக்குவமாக வைத்தாலும் நூற்றில் ஐந்து பேராவது சரியில்லை என்றுதான் சொல்வார்கள். அந்த ஐந்து பேரும் சர்வீஸுக்கு எனக்குத்தான் போன் பண்ணுகிறார்கள் என்று நான் நினைத்துக்கொள்வது உண்டு. பின்னால் 2015-ல் நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் வேறொன்றைக் காட்டினார்கள். ஆபீஸ் ஏசிகளுக்கு வைத்திருந்த அளவுகோல், 40 வயது, 70 கிலோ எடையுள்ள ஓர் ஆணின் உடம்பு உண்டாக்கும் சூட்டை வைத்துப் போட்டதாம். பெண்களின் உடம்பு பொதுவாக அதைவிடக் குறைவாகத்தான் சூடு உண்டாக்குகிறது. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பெண்கள் மே மாதத்திலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு போவது சும்மா இல்லை.

வயதானவர்களுக்கு உடம்புச் சூடும் குறைவு, தோலின் ரத்த ஓட்டமும் மந்தம். குளிர்வது உடனே உறைக்காது, உறைக்கும்போது முட்டி பிடித்துக்கொண்டிருக்கும். அத்தை வாய் திறந்து சொல்லவில்லை என்பதை வைத்து அவருக்குப் பரவாயில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காதில் பஞ்சு வைத்ததே சொன்னதுதான். இது டெக்னீஷியன் பேசுகிற பேச்சு, டாக்டர் பேச்சு இல்லை, இருந்தாலும் சொல்கிறேன், வீட்டில் யாருக்காவது ஃபேனே போடாத அறையிலும் குளிர்கிறது, எப்போதும் அசதியாக இருக்கிறது என்றால் தைராய்டும் ரத்தசோகையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். திடீர் திடீரென்று உடம்பு எரிந்து வியர்க்கிற நாற்பத்தைந்து, ஐம்பது வயதுப் பெண்களும் டாக்டரை ஒரு தடவை பார்ப்பது நல்லது, அவர்கள் ரிமோட்டோடு சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம் கசகசப்பு. அவர் 27-ல் கசகசவென்று இருக்கிறது என்றாராம், நீங்கள் அதை சாக்கு என்று நினைத்திருக்கிறீர்கள் போல. அது சாக்கு இல்லை, இன்வெர்ட்டர் ஏசியின் உண்மையான குணம். சென்னையில் நமக்குப் பகை வெயில் பாதி, ஈரம் பாதி. ஏசியே முதன்முதலில் வெக்கைக்காகச் செய்யப்பட்டது இல்லை தெரியுமா? 1902-ல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் காற்று ஈரத்தில் காகிதம் உப்பி, கலர் மேல் கலர் சரியாக உட்காராமல் போக, வில்லிஸ் கேரியர் என்கிற இளம் இன்ஜினியர் அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தத்தான் அதை வடிவமைத்தார். உங்கள் ஏசியில் தண்ணீர் வடிகிற டிரெய்ன் பைப்புக்குக் கீழே ஒரு ராத்திரி வாளி வைத்துப் பாருங்கள், காலையில் நிறைந்திருக்கும், அந்தத் தண்ணீர் முழுக்க உங்கள் நான்கு பேரையும் சுற்றியிருந்த காற்றில் இருந்தது. ஈரம் நன்றாக வடிய, உள்ளே காற்றைக் குளிர்விக்கிற குழாய்ச் சுருள், நாங்கள் 'காயில்' என்போம், அது நல்ல ஜில்லென்று இருக்க வேண்டும். 27 வைத்து ஃபேன் வேகத்தை ஹையில் வைத்தால் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் சோம்பலாக ஓடும், காயில் அவ்வளவு குளிராது, டெம்பரேச்சர் எண் வந்துவிடும், ஈரம் அப்படியே நிற்கும். உடம்பு பிசுபிசுக்கும், அவர் கையில் கிடைப்பது ரிமோட், குறைத்துவிடுகிறார். குறைக்க வேண்டியது டெம்பரேச்சரை இல்லை, ஏசியின் ஃபேன் வேகத்தை. லோவில் வையுங்கள். காற்று காயிலின் மேல் மெதுவாகப் போகும், காயில் குளிரும், தண்ணீர் நிறைய வடியும். நவம்பர், டிசம்பர் மழை நாளில் வெளியே 26 இருக்கும்போதும் கசகசக்கும் பாருங்கள், அப்போது டிரை மோட் போடுங்கள். தண்ணீர்த் துளி படம் போட்ட மோட், பல வீடுகளில் வாங்கியதிலிருந்து ஒரு தடவைகூட அமுக்கப்பட்டிருக்காது.

காற்று வீசுகிற வேலையை சீலிங் ஃபேனுக்குக் கொடுங்கள். "ஏசி போட்டால் ஃபேன் போடக் கூடாது, மேலே இருக்கும் சூட்டைக் கீழே இறக்கும்" என்று நிறைய பேர் நம்புகிறார்கள், இறக்கும்தான், முதல் கால் மணி நேரம். அதனால் ஏசி போட்டுக் கால் மணி கழித்து ஃபேனை இரண்டில் வையுங்கள். மிதமான ஃபேன் காற்று இரண்டு, மூன்று டிகிரி குறைத்த மாதிரி உடம்புக்குத் தோன்ற வைக்கும், அதற்கு ஆகிற கரண்ட் சாதாரண ஃபேனுக்கு 75 வாட்டுக்கு உள்ளே, கரண்ட் கம்மியாக இழுக்கிற பிஎல்டிசி வகை ஃபேன் என்றால் அதில் பாதிகூட இருக்காது. அறைக்குள் மேலும் கீழும் கலந்துவிடுவதால் ரிமோட்டில் இருக்கும் எண்ணுக்கும் படுக்கைக்கும் உள்ள வித்தியாசமும் குறையும், அத்தையின் பாய்க்கு அடியில் தேங்குகிற குளிரும் கலையும். ஃபேன் யார் மேல் அடிக்கிறது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் வீட்டில் கட்டில் நடுவில் இருந்தால் அவருக்குத்தான் நேராகக் கிடைக்கும், அதுதான் நமக்கு வேண்டும்.

இனி படுக்கை. கட்டிலை மேற்குச் சுவரிலிருந்து ஓர் அடியாவது தள்ளிப் போடுங்கள். 12-க்கு 11-ல் இடம் போய்விடும் என்பீர்கள், தெரியும். முடியாவிட்டால் நீங்களும் அவரும் பக்கம் மாறிப் படுத்துப் பாருங்கள், சூட்டுச் சுவர் குளிர் பிடிக்காத உங்களுக்கு இதமாகவே இருக்கும். ஒரு செலவும் இல்லாத யோசனை, ஆனால் இதைச் செய்யச் சொன்னால் பலருக்கும் ரோஷம் வந்துவிடும், என் பக்கம் உன் பக்கம் என்று. லூவரை, அதாவது காற்று வருகிற அந்தப் பட்டையை, ஸ்விங்கை நிறுத்திவிட்டு மேல் நோக்கிக் கிடையாக வையுங்கள். குளிர் காற்று தானாகக் கீழே இறங்கும், நாம் அத்தை மேல் கொண்டுபோய் ஊற்ற வேண்டாம். பாயை ஏசி இருக்கிற அதே சுவருக்கு அடியில், ஏசிக்கு நேர் கீழே போடுங்கள். காற்று எதிர்ச் சுவர் வரைக்கும் பாய்ந்து திரும்பி வரும், நேர் அடியில் இருப்பவருக்கு அடி குறைவு. டிரெய்ன் சொட்டுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாய்க்குக் கீழே ஒரு ஜமுக்காளம், முடிந்தால் அத்தைக்கு ஒரு மடக்குக் கட்டில். தரையில் படுத்தே பழக்கம் என்று சொல்லத்தான் செய்வார், வெறும் தரைக்குக் குளிர் வேறு, ஏசி போட்ட டைல்ஸுக்குக் குளிர் வேறு.

இவ்வளவையும் செய்துவிட்டு 26-ல் வைத்துப் பாருங்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 25. என் அனுபவத்தில் ஃபேனோடு சேர்த்தால் பெரும்பாலான சென்னை வீடுகள் 25-க்கும் 27-க்கும் நடுவில் எங்கேயோ வந்து நிற்கும். எங்கள் வீட்டில் 26, அதுவும் நான் தோற்று வந்த எண், எனக்கு 24 பிடிக்கும், சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன்.

விடியற்காலை நான்கு மணிச் சண்டைக்கு வேறு காரணம். தூங்கத் தூங்க உடம்பின் உள்சூடு இறங்கிக்கொண்டே போகும், விடியலுக்குக் கொஞ்சம் முன்னால்தான் அடிமட்டத்துக்கு வரும். அதே நேரத்தில் சுவரும் தளமும் ஆறியிருக்கும், வெளியேயும் வெக்கை இறங்கியிருக்கும். பத்து மணிக்கு சுகமாக இருந்த அதே 25 நான்கு மணிக்குக் குளிரும், உங்கள் கணவரே தூக்கத்தில் போர்வையை இழுப்பார், கவனித்துப் பாருங்கள். ரிமோட்டில் ஸ்லீப் என்று ஒரு பட்டன் இருக்கும், நிலா படம் போட்டிருக்கும், பெரும்பாலான மாடல்களில் அது மணிக்கு ஒரு டிகிரி வீதம் ஒன்றிரண்டு டிகிரி தானாகவே ஏற்றும். அதைப் போட்டுவிட்டுப் படுத்தால் யாரும் எழுந்து ரிமோட் தேட வேண்டாம். டைமர் போட்டு மூன்று மணிக்கு ஏசியை முழுக்க நிறுத்துகிறவர்கள் உண்டு, உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். தூங்கும் ஆள் ஒவ்வொருவரும் சுமார் 70 வாட் சூடு விடுவார், நான்கு பேர், மூடிய அறை, அரை மணியில் புழுங்கி எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருப்பீர்கள். ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையேதான் சுற்றிச் சுற்றி விடும், அதனால் கதவுக்கு அடியில் இருக்கும் இடைவெளியைத் துணி வைத்து அடைக்க வேண்டாம். காலையில் தலை பாரமாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் வீட்டில் அந்தத் துணியைத்தான் நான் முதலில் தேடுவேன்.

அந்தத் தலையணை விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ரிமோட்டில் "ஐ ஃபீல்" அல்லது "ஃபாலோ மீ" என்று பட்டன் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அது போட்டிருக்கும்போது மெஷின் தன் சென்சாரை விட்டுவிட்டு ரிமோட்டில் இருக்கும் சென்சாரைக் கேட்கும். நல்ல வசதி, ரிமோட்டைக் கட்டில் உயரத்தில் ஒரு ஸ்டூலில் வைத்தால் கட்டில் டெம்பரேச்சருக்கு ஏசி ஓடும். நீங்கள் அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்தால்? சிக்னல் மெஷினுக்குப் போகாமல் அந்த வசதியே வீணாகலாம், அப்படியே கசிந்து போனாலும் உங்கள் தலைச் சூட்டை அறைச் சூடு என்று நினைத்து, 27 வைத்த பிறகும் மெஷின் வெறிபிடித்த மாதிரி குளிர்த்துத் தள்ளும். "27 வெச்சும் குளிருது, சென்சார் போச்சு" என்று ஒரு வீட்டில் எனக்கு போன் வந்து, போய்ப் பார்த்தால் ரிமோட் பாப்பாவின் போர்வைக்குள் இருந்தது.

உங்கள் மகளை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள், அந்த வயதுப் பிள்ளைகள் 20-லும் போர்வையை உதைக்கும், 28-லும் உதைக்கும். முழுக்கை பனியன் போட்டுப் படுக்க வையுங்கள், தீர்ந்தது.

பில் கணக்கு ஒன்று. மேல் மாடி அறையில் ஒன்றரை டன் 18-ல் விடிய விடிய ஓடினால் ராத்திரிக்கு ஏழு, எட்டு யூனிட் சுலபமாகப் போகும், 26-ல் ஃபேனோடு நான்கு, ஐந்தில் நிற்கும். ஒரு பேச்சுக்கு மூன்று யூனிட் மிச்சம் என்றாலும் இரண்டு மாதத்துக்கு 180. நம் ஊரில் இரண்டு மாத ரீடிங் 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை, கீழ் அடுக்கில் கிடைக்கிற சலுகையும் சேர்ந்து போகும், அதனால் அந்த 180 நீங்கள் நினைப்பதைவிடப் பெரிய 180. ஹவுஸ் ஓனர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிறார் என்றால் இந்த அடுக்குக் கணக்கெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது.

ஹவுஸ் ஓனர் என்றதும் சொல்ல வேண்டும், மொட்டை மாடியில் வெள்ளையாகச் சுண்ணாம்பு அடித்துக்கொள்ளலாமா என்று அவரைக் கேளுங்கள், கூல் ரூஃப் பெயின்ட்டுக்குச் சம்மதித்தால் இன்னும் நல்லது. பாதிச் சண்டை அங்கேதான் உற்பத்தியாகிறது. அதுவரைக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தளத்தில் நான்கு குடம் தண்ணீர் தெளித்தாலே ராத்திரிக்குத் தெரியும். ஏசி டிரெய்னில் வருகிற அந்த ஒரு வாளியையும் இதற்கே ஊற்றுங்கள். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக ஒரு மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள், உள்ளே போடும் திரையைவிட அது மேல், வெயில் கண்ணாடிக்கே வராது.

ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடுத்துக் குழாயில் காட்டுங்கள், இதற்கு எங்களுக்குக் காசு கொடுக்க வேண்டாம். ஸ்டெபிலைசர் கேட்டிருந்தீர்கள். உங்கள் மெஷினின் பக்கவாட்டு ஸ்டிக்கரிலோ மேனுவலிலோ எத்தனை வோல்ட்டிலிருந்து எத்தனை வோல்ட் வரை தாங்கும் என்று போட்டிருக்கும். சாயங்காலம் ஏழு மணியிலிருந்து பதினொன்று வரை உங்கள் வீட்டில் வோல்டேஜ் அதற்குள்ளேயே இருந்தால் வேண்டாம், டியூப் லைட் கண் சிமிட்டுகிற ஏரியா என்றால் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் கழற்ற வேண்டியதில்லை, இருக்கட்டும்.

அப்புறம், சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், ஈரப்பதமும் சேர்த்துக் காட்டுகிற மாதிரி, முந்நூறு, நானூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இரண்டாக வாங்குங்கள். ஒன்றை அவர் தலைமாட்டில், ஒன்றை அத்தை பாய்க்குப் பக்கத்தில் வைத்து, பதினொன்று மணிக்கும் நான்கு மணிக்கும் அவரையே எழுதிவைக்கச் சொல்லுங்கள். ஒரு வாரம் கழித்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.